கோடிப்பக்கம் வந்த தண்ணி லோரி

கௌசலாவின் கணவர் கனகலிங்கம் செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. கொன்றது கௌசலாதான். கைப்பேசியில் யாரிடமோ, "நான் விதவைங்க, வீட்டுல தனியாத்தான் இருக்கேன்" என்று அவள் சொன்னாள். எதிரே உட்கார்ந்து முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்த மனிதர் வாயைப் பிளந்தபடி அப்படியே உறைந்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷம் நில அலுவலகத்தில் குப்பை கொட்டி, ஒரு புள்ளியைக்கூடத் தப்பாக வைக்காமல் ஓய்வு பெற்றவர். சொந்த வீட்டில், சொந்த மனைவியே இப்படிப் பொய்யாக மரண அறிவிப்புக் கொடுத்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

கௌசலா சும்மா கொல்லவில்லை. "வணக்கம் மேடம், பேங்க்லேருந்து விக்ரம் பேசறேன்" என்று தொடங்கிய அந்தக் குரல் அவளுடைய தம்பி சிவேந்திரனுடையது. தாய்லாந்தில் நல்ல வேலை என்று யாரோ சொன்னதை நம்பிப் போன வருஷம் கிளம்பியவன். போன இரண்டாம் நாளே ஆற்றுக்கு அந்தப் பக்கம், பர்மாவுக்குள் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே ஒரு தடவை அழுதுகொண்டே பேசினான், அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அங்கே உயரமான சுவர் கட்டி, துப்பாக்கிக் காவல் போட்டு, பிடித்து வந்தவர்களை உட்காரவைத்து ஊர் ஊராகப் போன் போட்டு ஆட்களை ஏமாற்றச் சொல்கிறார்கள் என்று அக்காவும் அத்தானும் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

"டேய் சி..." என்று அவள் தொடங்கினாள். உடனே அந்தப் பக்கம் பெரிய இருமல். "மேடம், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது. எங்க சீனியர் ஆபீசர் ராஜனும் லைன்ல இருக்காரு" என்றான் சிவேந்திரன், ஒரே மூச்சில்.

கௌசலா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர். பரீட்சை ஹாலில் இருமிப் பேசும் பையன்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த நொடியில் அவள் ஏமாறக் காத்திருக்கும் பணக்கார விதவை ஆனாள்.

போனை வைத்ததும் மேசையில் தலை கவிழ்த்து அழுதாள். தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷ அழுகை, அவன் எங்கே இருக்கிறான் என்ற பயத்தின் அழுகை, இரண்டும் சேர்ந்து வந்தது. கனகலிங்கம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "எல்லாம் சரி. என்னை ஏன் சாகடிச்ச?" என்று கேட்டார்.

"நீங்க உயிரோட இருந்தா, புருசன்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு நான் சொல்லணும்லா. அப்புறம் அவங்க ஏன் மறுபடி போன் பண்ணப் போறாங்க?"

அதில் நியாயம் இருந்தது. கனகலிங்கம் தன் மரணத்தை ஏற்றுக்கொண்டார்.

போலீஸில் புகார் எல்லாம் எப்போதோ கொடுத்தாகிவிட்டது. அங்கே ராணுவத்துக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் சண்டை நடக்கிறது, யாராலும் நினைத்தபடி உள்ளே போக முடியாது, பொறுமையாக இருங்கள் என்றார்கள். புருசனும் மனைவியும் பொறுமையாகத்தான் இருந்தார்கள். அந்தப் பொறுமைக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் கொர்னேலியஸ். கிள்ளானில் லோரிக் கம்பெனி வைத்திருப்பவர், சிவேந்திரனின் பழைய முதலாளி. கிள்ளானிலிருந்து தாய்லாந்துவரை வண்டி ஓட்டி ஓட்டி, தாய் மொழியில் சண்டை போடும் அளவுக்குத் தேர்ந்தவர். கௌசலாவும் கனகலிங்கமும் கொமுட்டர் ரயில் பிடித்து அவருடைய லோரிக் கொட்டகைக்குப் போனபோது டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குழாயைக் கீழே போட்டார்.

"டீச்சர், சண்டை கிட்ட வந்துக்கிட்டு இருக்குன்னு என் கூட்டாளிங்க சொல்றாங்க. அடுத்த வாரம் அங்க இருக்கிற ஆளுங்களையெல்லாம் இன்னும் உள்ள தள்ளிக்கிட்டுப் போகப் போறானுங்களாம். மலைக்கு அந்தப் பக்கம். அப்படிப் போயிட்டான்னா அப்புறம் நம்ம சிவாவைக் கடவுள்தான் தேடணும்."

"அப்ப என்னலா பண்றது?" என்றார் கனகலிங்கம்.

"நான் போறேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் குடிக்கிற தண்ணி சப்ளை பண்றான். அவன் லோரியில கூலி ஆளா ஏறிக்கிறேன். பர்மாவுல நம்ம மூஞ்சி எத்தனையோ இருக்கு, எவன் கண்டுபிடிக்கப் போறான்? ஆனா ஒண்ணு. சிவா எந்தக் கட்டடத்துல இருக்கான், எந்த வாசலுக்கு வரணும்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அவனுக்கும் நான் வரது தெரிஞ்சாகணும்."

அங்கேதான் முடிச்சு. கொர்னேலியஸ் ஆசை ஆசையாக வளர்த்த மீசையை எடுத்துவிட்டுப் போய்விடலாம், ஆனால் சிவேந்திரனிடம் எப்படிச் சொல்வது? மலாயில் பேசினால் அங்கே இருக்கும் முதலாளிகளுக்குப் புரியும். ஆங்கிலமும் அப்படித்தான். தமிழில் பேசலாம் என்றால் அந்த ராஜன் ஒட்டுக் கேட்கிறான். அன்றைக்குப் போனில் நடுவே புகுந்து, மதுரைப் பக்கத்துத் தமிழை மூச்சு விடாமல் பேசியவன்.

திரும்பி வரும் ரயிலில்தான் கௌசலாவுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மா யாழ்ப்பாணத்துப் பேச்சைச் சாகும்வரை விடாதவர். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூர்த் தமிழில் பதில் சொல்வார்கள். சிவேந்திரன் மட்டும் அம்மா மாதிரியே பேசிக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பான். அந்தப் பேச்சு மதுரைக்காரன் காதில் பாதிதான் ஏறும்!

வியாழக்கிழமை போன் வந்தது. கௌசலா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, சுகமா இருக்கிறியளோ?" என்றாள்.

"ஓம் மேடம், நல்ல சுகம்" என்றான் சிவேந்திரன். குரல் இலேசாக உடைந்தது. பிடித்துக்கொண்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன மேடம், புதுசா பேசறீங்க?" என்று ராஜனின் குரல் நடுவில் நுழைந்தது.

"மனசு லேசானா எங்க அம்மா பேச்சு வந்துரும்ங்க."

"அட, பேசுங்க, பேசுங்க. விக்ரம், நீயும் அதே மாதிரி பேசுய்யா. கஸ்டமர் சந்தோஷம்தானே நமக்கு முக்கியம்."

அந்தச் சமயம் பார்த்துக் கனகலிங்கத்துக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்தார், வாயைப் பொத்தினார், அது காது வழியாகவாவது வந்தே தீருவேன் என்று நின்றது. வீடே அதிரும்படி தும்மினார்.

"யாரு மேடம் அது?" என்றான் ராஜன்.

"வாடகைக்கு இருக்கிறவர். வயசானவர். காது கேக்காது."

ஒரே வாரத்தில் செத்து, பிறகு தன் வீட்டிலேயே வாடகைக்குக் குடிவந்த ஒரே மனிதர் கனகலிங்கமாகத்தான் இருப்பார். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கௌசலாவின் யாழ்ப்பாணத் தமிழ் அவ்வளவு சுத்தமில்லை. இருந்தாலும் இரண்டு பேரும் தட்டுத்தடுமாறி விஷயத்துக்கு வந்தார்கள். பணத்தை எங்கே போடுவது என்று பேசுகிற சாக்கில் சிவேந்திரன் சொன்னான்: "மேடம், எங்கட கோடியில ஒரு கேற் இருக்கு. கோடிப்பக்கம்தான் குசினி. வெள்ளிக்கிழமை பின்னேரம் தண்ணி வண்டி அந்த வழியாலதான் வரும். அந்த நேரம் காவல் குறைவு."

அம்மாவின் பேச்சில் கோடி என்றால் வீட்டின் பின்புறம், கேற் என்றால் வாசல் கதவு, குசினி என்றால் சமையலறை, பின்னேரம் என்றால் சாயங்காலம். ராஜன் துள்ளிக் குதித்தான். "கோடியா? எத்தனை கோடி மேடம்?"

கௌசலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "கனக்க இருக்குதுங்க" என்றாள், எப்படியோ அடக்கிக்கொண்டு.

ராஜன் யாரிடமோ ஆங்கிலத்தில் கத்துவது கேட்டது. "பாஸ்! குரோர்! திஸ் லேடி ஹேவிங் குரோர்!" அதற்குப் பிறகு சிவேந்திரனுக்கு அடி நின்றது, மேசைக்கு ஒரு மின்விசிறி வந்தது, சோற்றோடு முட்டையும் வந்தது. பொன்முட்டை இடும் வாத்தோடு பேசுகிறவனை யாராவது பட்டினி போடுவார்களா?

ஒன்று மட்டும் கௌசலாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கோடி புரியாமல் போனது சரி. தண்ணி வண்டி, வெள்ளிக்கிழமை, காவல், இதெல்லாம் எந்தத் தமிழனுக்கும் புரியுமே? டீச்சர் பார்வையில் ராஜனுக்கு மார்க் போட்டுப் பார்த்தாள். தேறவே தேறாத மக்கு என்று முடிவு செய்து, அந்த மக்குத்தனத்துக்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை அவள் முறை. "தம்பி, வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமா வெளிக்கிடுவார். நீங்களும் வெளிக்கிட்டு நில்லுங்கோ." அதாவது மாமா புறப்பட்டு வருவார், நீயும் புறப்படத் தயாராக இரு. மாமா என்றால் மீசையில்லாத கொர்னேலியஸ்.

"வெளிக்கா?" ராஜன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன மேடம், மாமா வெளிக்குப் போறதையெல்லாம் பேங்க்ல சொல்வீங்களா?"

அவனுடைய தமிழில் வெளிக்குப் போவது என்றால் கக்கூசுக்குப் போவது. கௌசலாவுக்கு முகம் சூடேறியது. பக்கத்தில் கனகலிங்கம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆனால் வாய்ப்பு வந்தால் விடக்கூடாது. "என்னங்க செய்யிறது, மாமாவுக்கு ரொம்ப நாளா மலச்சிக்கல். வெள்ளிக்கிழமை டாக்டர் மருந்து குடுக்கிறாரு. விக்ரம் தம்பிதான் பாவம், அக்கறையா விசாரிச்சுக்கிட்டே இருக்காரு."

"நல்லா போகட்டும் மேடம், நல்லா போகட்டும்" என்றான் ராஜன்.

வெள்ளிக்கிழமை காலை கௌசலா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். கொர்னேலியஸின் குரல் செய்தி வந்தது. "டீச்சர், பிளான் மாறிப்போச்சு. ராத்திரியிலேருந்து குண்டு போடுறானுங்க. மத்தியானம் ஆத்தோரம் ரோட்டை மூடுறாங்களாம், அதனால தண்ணியை இப்பவே கொண்டாந்துட்டோம். நான் உள்ள நிக்கிறேன், பின் வாசல்ல. பாட்டிலை இறக்கினதும் வண்டி கிளம்பிரும். நிக்கச் சொல்ல முடியாது. சிவாவை வரச் சொல்லுங்க. சீக்கிரம்!"

தோசை கருகியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

சிவேந்திரன் பின்னேரம் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவனிடம் இப்போது யார் சொல்வது? அவளிடம் இருந்தது ஒரே ஒரு எண், நல்ல கஸ்டமர் என்று ராஜன் பெருமையாகக் கொடுத்த எண். அதைப் போட்டாள். அவசரத்தில் முதல் தடவை தப்பாகப் போட்டாள். கனகலிங்கம் போனை வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

"ஹலோ?" ராஜன்தான் எடுத்தான். பின்னால் எங்கோ தொலைவில் இடி மாதிரி ஒரு சத்தம்.

"விக்ரம் தம்பி இருக்காரா?"

"சாப்பிடப் போயிருக்காரு மேடம். என்ன விஷயம்?"

கௌசலா கணவரைப் பார்த்தாள். வேறு வழி எதுவும் இல்லை. எதிரியின் வாயாலேயே தம்பிக்குச் செய்தி போகவேண்டும். ராஜனுக்குப் புரிந்தால் சிவேந்திரன் செத்தான். அவனோடு கொர்னேலியஸும்.

"ஒரு உதவிங்க. அவர்கிட்ட நான் சொல்றதை அப்படியே சொல்லிடுங்க. மாமா வெளிக்கிட்டிட்டார். கோடிப்பக்கம் நிக்கிறார். கெதியா வெளிக்கிடச் சொன்னவர். அவ்வளவுதான்."

கெதியா என்றால் சீக்கிரம் என்று ராஜனுக்குத் தெரிந்துவிடக் கூடாது. மறுபடி ஒரு சத்தம், முன்னைவிடக் கிட்டத்தில். யாரோ ஓடுகிறார்கள். யாரோ சீனத்தில் கத்துகிறார்கள்.

"மாமாவுக்குப் போயிடுச்சா மேடம்?" என்றான் ராஜன் மெதுவாக.

"போயிடுச்சுங்க" என்றாள் கௌசலா. கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது. "நல்லாப் போயிடுச்சு. விக்ரம் தம்பி கேட்டா சந்தோஷப்படுவாரு. இப்பவே சொல்லிடுங்க, என்ன?"

"சரி மேடம். சொல்றேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நேரம் நகரவே இல்லை. கௌசலா சாமி விளக்கை ஏற்றினாள், அணைந்ததா என்று பார்த்தாள், மறுபடி திரியைத் தூண்டினாள். கனகலிங்கம் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் கருகிய தோசைக்கல்லைத் தேய்த்தார். தேய்த்த கல்லையே மறுபடி தேய்த்தார். கீழே தெருவில் பிரிக்பீல்ட்ஸ் தன்பாட்டுக்கு ஹாரன் அடித்துக்கொண்டும், மாலை கட்டி விற்றுக்கொண்டும் இருந்தது. தன் வாயாலேயே தம்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்ற பயம் கௌசலாவை விடவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் பயமாக இருந்தது.

வெயில் சுவரை விட்டு இறங்கிய பிறகுதான் கொர்னேலியஸின் வீடியோ கால் வந்தது. திரையில் முதலில் ஆறு தெரிந்தது, பிறகு வானம், பிறகு மீசையில்லாத ஒரு முகம். அது கொர்னேலியஸ்தான் என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"டீச்சர்! தாய்லாந்துப் பக்கம் வந்துட்டோம்! முழுசா வந்துட்டோம்!"

அவர் பக்கத்தில் எலும்பும் தோலுமாகச் சிவேந்திரன். காலி பாட்டில்களுக்கு அடியில் படுத்து வந்ததில் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அக்கா" என்றான்.

"மடையா! எருமை! யார் வேலை தரேன்னு சொன்னாலும் போயிடுவியாடா?" என்று திட்டத் தொடங்கிய கௌசலா பாதியில் திட்டை மறந்து அழுதாள். அழுகை பாதியில் சிரிப்பானது. கனகலிங்கம் தோசைக்கல்லோடு வந்து நின்றார்.

"அக்கா, இன்னொரு விஷயம்" என்றான் சிவேந்திரன். "ராஜனும் வந்திருக்கான்."

கௌசலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "துரத்திக்கிட்டு வந்துட்டானா?"

"இல்லக்கா. என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்ததே அவன்தான்."

திரைக்குள் ஒரு இளைஞன் தயங்கித் தயங்கி வந்தான். கன்னத்தில் பழைய காயம் ஒன்று. "அக்கா, நான்தான்" என்றான். "உங்கட மாமாவுக்கு மலச்சிக்கல் எண்டு நீங்கள் சொல்லேக்க, நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

பேசியது மதுரைத் தமிழ் இல்லை. அம்மாவின் தமிழ், அதுவும் கௌசலாவைவிடச் சுத்தமாக. அவள் நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தாள்.

"என்ர அம்மா பருத்தித்துறை, அக்கா. சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு வந்தவா. நான் பிறந்தது அங்க, அகதி முகாமில. கோடி எண்டா வீட்டுக்குப் பின்பக்கம் எண்டு எனக்குத் தெரியாதோ? என்னையும் வேலை எண்டு சொல்லித்தான் கொண்டுவந்து அடைச்சவங்கள். முதல் நாள் நீங்கள் 'சுகமா இருக்கிறியளோ' எண்டு கேட்டனீங்கள் பாருங்கோ, அண்டைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல."

அப்படியானால் அந்தக் குரோர், அந்த மின்விசிறி, அந்த முட்டை, எல்லாம் இவன் வேண்டுமென்றே செய்தது. ஒட்டுக் கேட்க வைத்தவர்களிடம் ஒவ்வொரு தடவையும் தப்பாகவே மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான். தன் வாழ்நாளிலேயே மிகத் தப்பாக மார்க் போட்டது இந்தப் பையனுக்குத்தான் என்று நினைத்துக் கௌசலா வெட்கப்பட்டாள்.

அப்போது ஒரு பெண் போனை வாங்கினாள். தப்பி வருகிறவர்களுக்கு எல்லையில் இடம் கொடுக்கும் ஒரு சிறு குழுவில் வேலை செய்யும் கிளாரிசா, கிள்ளான் பெண்தான், கொர்னேலியஸுக்குத் தெரிந்தவள். "ஆன்டி, உங்க தம்பிக்கு மலேசியா பாஸ்போர்ட் நம்பர் இருக்கு, பிரச்னை இல்ல. இவருக்குத்தான் எந்த நாட்டுப் பேப்பரும் இல்ல. யாராவது ஒரு குடும்பம் பொறுப்பேத்துக்கிட்டா எங்க வக்கீல் பேசி இங்கயே வச்சுப் பார்த்துக்கலாம். இல்லைன்னா லாக்கப்தான். எப்ப வெளிய விடுவாங்கன்னு சொல்ல முடியாது. இவருக்கு யாரும் இருக்காங்களான்னு கேட்டேன். இல்லைங்கிறாரு. அம்மாவும் செத்துட்டாங்களாம்."

கௌசலா வாயைத் திறப்பதற்குள் போன் அவள் கையில் இல்லை. கனகலிங்கம் வாங்கியிருந்தார். தோசைக்கல்லை மேசைமேல் வைத்துவிட்டு, அலுவலகத்தில் பேசுகிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"கனகலிங்கம் பேசறேன். ரிட்டயர்ட் லேண்ட் ஆபீசர். யாரும் இல்லைன்னு யார் சொன்னது? என் மிசஸுக்கு ரெண்டு தம்பி. இவன் சின்னவன். கொஞ்சம் குழப்படி, சேட்டைக்காரன். பொறுப்பு நான் எடுத்துக்கறேன், எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு."

முப்பது வருஷம் ஒரு புள்ளியைத் தப்பாக வைக்காத மனிதர்! கௌசலா அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"சந்தோஷம் அங்கிள்" என்றாள் கிளாரிசா. "பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"ராஜன்."

"அவரு வேற பேரு சொல்றாரே?"

"அது... ராஜன் வீட்டுல கூப்பிடுற பேரும்மா. நம்ம ஆளுங்களுக்கு வீட்டுப் பேரு ஒண்ணு, பதிவுப் பேரு ஒண்ணு இருக்கும்லா."

"அப்ப பதிவுப் பேரு என்ன?"

கனகலிங்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "இவன் பேரு என்ன?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். "எனக்கென்னலா தெரியும்!" என்று அவளும் கிசுகிசுத்தாள். போனைப் பொத்தியிருந்த விரல்களுக்கு நடுவே எல்லாமே அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். கொர்னேலியஸ் சிரித்தார், சிவேந்திரன் சிரித்தான், எழுதக் காத்திருந்த கிளாரிசாவும் சிரித்தாள்.

கடைசியில் அந்தப் பையனின் குரல்தான் வந்தது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

"ஜெயராஜ், அத்தான்" என்றான்.

கனகலிங்கத்தின் கை தானாகக் கீழே இறங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு கிளாரிசாவுக்காக அந்தப் பேரை எழுத்து எழுத்தாக, ஒரு புள்ளிகூடத் தப்பாமல் சொல்ல ஆரம்பித்தார்.